மேனேஜரின் பெட்டியில் இடமில்லை

மனிதர்களுக்கு எதையும் தூக்கிப்போட மனம் வராது, மேடம். பதினேழு வருடமாக ஆலையின் மெயில் சர்வரைப் பார்த்துக்கொண்டவன் என்ற முறையில் இதை அடித்துச் சொல்வேன். பதினோரு வருடத்துக்கு முன் வந்த ‘இன்று லிஃப்ட் ஓடாது’ என்ற அறிவிப்பைக்கூடப் பத்திரமாக வைத்திருப்பார்கள். அழித்துவிடுங்களேன் என்றால், “இருந்துட்டுப் போகட்டுமே, அது என்ன சோறா கேக்குது?” என்பார்கள். சோறு கேட்காதுதான். இடம் கேட்கும். இடம் தீர்ந்தால் என் கழுத்தைப் பிடிப்பார்கள்.

ஆளுக்கு இரண்டு ஜிபி என்பது நான் வைத்த வரம்பு இல்லை. எனக்கு முன்னால் இருந்தவர் வைத்தது. பெட்டி நிறையத் தொடங்கினால் மஞ்சள் எச்சரிக்கை வரும். இன்னும் நிறைந்தால் சிவப்பு. அதற்கும் அசையாவிட்டால் புது மெயில் வாசலிலேயே நின்றுவிடும். பழைய மெயில்களை நான் தனி டிஸ்க் ஒன்றுக்கு மாற்றுவேன். அதைக் கிடங்கு என்போம். கிடங்கிலும் இடம் குறைவு என்பதால் அங்கே போனது தொண்ணூறாவது நாள் தானாக அழியும். அலுவலகத்தில் எனக்குத் துடைப்பம் என்று பெயர். முகத்துக்கு நேராகவே அப்படிக் கூப்பிடுவார்கள், நானும் திரும்பிப் பார்ப்பேன்.

நீங்கள் கேட்பது நாங்கள் படக்காரர் என்று கூப்பிட்ட பொறியாளரைப் பற்றி. நீராவிக் குழாய் வெடித்து அவரும் இரண்டு ஃபிட்டர்களும் செத்துப்போய் எட்டு மாதம் ஆகிறது. குழாயில் இருந்த விரிசலைப் பற்றி அவர் யாருக்கும் ஒரு வரி எழுதவில்லை, அனுமதி வாங்காமல் தானாகவே இரண்டு பேரைக் குழாய்ச் சுரங்கத்துக்குள் கூட்டிப்போய்ச் சாகடித்தார் என்று ஆலையின் அறிக்கை சொல்கிறது. அதை மாற்றச் சொல்லித்தான் அவர் மனைவி உங்களிடம் மனு கொடுத்திருக்கிறார். அவர் எழுதினார், மேடம். நாற்பத்தொரு தடவை எழுதினார். இன்றைக்கு இதைச் சொல்ல என்னைத் தவிர ஆளும் இல்லை, காகிதமும் இல்லை. நான் வாய் திறக்காவிட்டால் உங்களால் கண்டுபிடிக்க முடியாது. களைப்பாக இருக்கிறது, அதனால் சொல்கிறேன்.

எங்களுடையது துணிக்குச் சாயமேற்றும் ஆலை. கொதிகலனிலிருந்து சாயத் தொட்டிகள்வரை தரைக்கடியில் ஒரு சுரங்கம் போகிறது, அதற்குள் நீராவிக் குழாய்கள். படக்காரர் அந்தக் குழாய்களைச் சோதிக்கும் பொறியாளர். குனிந்தபடியே சுரங்கம் முழுக்க நடந்து, ஒவ்வொரு வெல்டிங் இணைப்பையும் படமெடுத்து மேனேஜருக்கு அனுப்புவார். ஒரு மெயிலுக்குப் பன்னிரண்டு படம், நாற்பது எம்பி. பெயர் அப்படித்தான் வந்தது. நல்ல மனிதர். என் டீயில் சர்க்கரை கூடாது என்பதை என் மனைவியைவிட ஒழுங்காக நினைவில் வைத்திருந்தார்.

நேரில் போய்ச் சொல்லியிருக்கலாமே என்று நினைப்பீர்கள். எங்கள் ஆலையில் மெயிலில் இல்லாதது நடக்காதது. வாயால் சொன்னதை மறுநாள் ஒருவரும் ஒப்புக்கொள்ள மாட்டார்கள். படக்காரர் முன்பு ஒருமுறை வாயால் சொல்லிச் சூடுபட்டவர். மேனேஜர் உட்கார்ந்திருப்பதும் வேறு ஊரில், தலைமை அலுவலகத்தில். ஆலைக்கு வருடத்தில் இரண்டு முறை வருவார், வந்தால் மூக்கைப் பொத்திக்கொள்வார்.

அவர் பெட்டி வாரம் ஒருமுறை சிவப்பாகும். உடனே எனக்குப் போன் வரும்.

“ஏன்யா, உனக்கு வேற வேலையே இல்லையா? அந்தச் சிவப்பு இன்னொரு தடவ என் கண்ல படக் கூடாது. எப்படிச் செய்வியோ எனக்குத் தெரியாது.”

வரம்பை ஏற்றித் தரலாம் என்றால் புது டிஸ்க் வேண்டும். புது டிஸ்க்குக்குக் கையெழுத்துப் போட வேண்டியவரும் அவரே, போடமாட்டார். மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி என்பது எனக்காகவே சொல்லிவைத்ததுதான். படக்காரரிடம் போய்ப் படங்களைக் கொஞ்சம் சின்னதாக்கி அனுப்பச் சொன்னேன்.

“சின்னதாக்கினா விரிசல் தெரியாதுப்பா,” என்றார். “முடி கணக்கா ஓடுது அது.”

நியாயம்தான். அவர் பக்கமும் நியாயம், மேனேஜர் பக்கமும் நியாயம். எனக்குத்தான் தூக்கம் போனது.

ஆகவே ஒரு ரூல் எழுதினேன். படக்காரர் மேனேஜருக்கு அனுப்பும் மெயில் பத்து எம்பிக்கு மேல் இருந்தால், பெட்டிக்குப் போகாமல் நேரே கிடங்குக்குப் போகும். மூன்றே வரி. நான் எதையும் அழிக்கவில்லை என்பதைக் கவனியுங்கள். இடம் மாற்றினேன், அவ்வளவுதான். வேண்டுமென்றால் மேனேஜர் கிடங்கைத் திறந்து படித்துக்கொள்ளலாம். அவருக்குக் கிடங்கைத் திறக்கத் தெரியாது என்பது வேறு விஷயம்.

சிவப்பு நின்றுபோனது. “இப்பதான்யா நிம்மதியா இருக்கு,” என்றார் மேனேஜர். பதினேழு வருடத்தில் அவர் என்னிடம் சொன்ன ஒரே நல்ல வார்த்தை அது. அன்று வீட்டுக்குப் போய் மனைவியிடம் இரண்டு தடவை சொன்னேன்.

ஆனால் பதில் வராததால் படக்காரர் ஒவ்வொரு மெயிலையும் மூன்று மூன்று முறை அனுப்ப ஆரம்பித்தார். கிடங்கு வீங்கியது. தலைவலி போய்த் திருகுவலி வந்த கதை. அதனால் ரூலில் நான்காவதாக ஒரு வரி சேர்த்தேன். அவர் மெயில் கிடங்குக்குப் போனதுமே, மேனேஜர் பெயரில் தானாக ஒரு பதில் போகும்: ‘பார்த்தேன். ஏற்பாடு செய்கிறேன்.’ மேனேஜரே எழுதினாலும் அதற்கு மேல் ஒரு எழுத்து எழுதமாட்டார்.

மறுநாள் காலை படக்காரர் என் மேசைக்கு இரண்டு டீயோடு வந்தார். “பதில் போட்டுட்டாருப்பா. ஆறு மாசம் கத்தினது வீண் போகல,” என்றார். என்னால் ஒருவர் சந்தோஷப்படுகிறாரே என்று எனக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது. அதை மறைக்க விரும்பவில்லை.

வெடித்த பிறகு தலைமை அலுவலகத்திலிருந்து விசாரிக்க வந்தார்கள். தனக்கு அப்படி மெயிலே வரவில்லை என்றார் மேனேஜர். பாவம், அவர் சொன்னது சத்தியம். பெட்டியைத் திறந்து காட்டினேன், சுத்தமாக இருந்தது. எதையாவது அழித்தீர்களா என்று என்னைக் கேட்டார்கள். இல்லை என்றேன். கிடங்கைப் பற்றி யாரும் கேட்கவில்லை, நானாகச் சொல்லவில்லை. கிடங்கில் உள்ளவை அழியாமல் நிறுத்திவைக்க ஒரு கட்டத்தில் டிக் அடித்தால் போதும். தினமும் அந்தப் பக்கத்தைத் திறந்து அந்தக் கட்டத்தைப் பார்த்துவிட்டு மூடினேன். தொண்ணூறு நாளும் பார்த்தேன்.

படக்காரரின் சொந்தப் பெட்டியைத் திறக்கச் சொல்லி விசாரிக்க வந்தவர்கள் கேட்கவில்லை; தொண்ணூறு நாள் ஆவதற்கு முன்பே அதுவும் போய்விட்டது. வேலையை விட்டவர்களின் பெட்டியை முப்பது நாளில் எடுத்துவிடுவோம். அந்தப் படிவத்தில் காரணம் கேட்கும்: ராஜினாமா, ஓய்வு, மற்றவை. ‘மற்றவை’ என்று போட்டேன்.

அவர் மனைவி பதினான்கு தடவை வந்தார். நீங்கள் நினைப்பது போல் சத்தம் போடுகிறவர் இல்லை. எதிர் நாற்காலியில் நுனியில் உட்காருவார்.

“அண்ணே, மேனேஜர் பதில் போட்டாருன்னு எங்க வீட்டுக்காரரு என்கிட்ட சொன்னாருண்ணே. அவரு பொய் பேசுற ஆளில்ல. இன்னும் ஒரே ஒரு தடவ தேடிப் பாருங்கண்ணே.”

அவர் கண் முன்னாலேயே தேடுவேன். ஒன்றும் வராது. ஒரு ஃபிட்டரின் அம்மா நடுத்தெருவில் அவர்மேல் மண்ணை வாரித் தூற்றினாராம். பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்தில் கொலைகாரன் பிள்ளைகள் என்கிறார்களாம். இதையெல்லாம் சொல்லிவிட்டு, எழுந்து போகும்போது, “உங்களுக்குத்தான் எவ்வளவு சிரமம் குடுக்கறேன்,” என்பார். பதினான்காவது தடவை அவர் அப்படிச் சொன்ன பிறகுதான் எனக்கு அலுத்துவிட்டது. ஒரு மனிதன் எத்தனை தடவைதான் தேடுவது போல் நடிப்பான்?

எழுதுவதை நிறுத்திவிட்டீர்கள். ‘ஏற்பாடு செய்கிறேன்’ என்ற ஒரு வரியை நம்பி விவரம் தெரிந்த பொறியாளர் ஓடுகிற நீராவிக்குப் பக்கத்தில் போவாரா என்று யோசிக்கிறீர்கள். போகமாட்டார். அவ்வளவு கவனமான மனிதர்.

அன்று காலை எட்டரைக்கு அவருடைய நாற்பத்தொன்றாவது மெயில் வந்தது. படம் எதுவும் இல்லாததால் என் ரூல் அதைப் பிடிக்கவில்லை, மேனேஜரின் பெட்டிக்கே போய்விட்டது. மேனேஜர் ஒன்பதுக்குத்தான் வருவார். காலையில் எல்லாப் பெட்டிகளையும் நான் ஒரு சுற்றுப் பார்ப்பது வழக்கம், அப்படித்தான் அதைப் படித்தேன். ‘பலமுறை பதில் எழுதியதற்கு நன்றி. இன்று பத்து மணிக்கு இரண்டு ஃபிட்டர்களோடு போய் இணைப்பைப் பிரிக்கிறேன். அந்தக் குழாயில் நீராவியை நிறுத்தியாகிவிட்டதா என்று மட்டும் சொல்லுங்கள்.’ நிறுத்தச் சொல்லும் அதிகாரம் மேனேஜருக்கு மட்டும்தான் உண்டு. அந்தக் குழாயின் அழுத்தமானி பழுது என்று படக்காரரே முன்பு எழுதியிருந்தார். நிறுத்தினாலும் குழாய் ஆற ஒரு நாள் ஆகும் என்பதால் தொட்டுப் பார்த்தும் தெரிந்துகொள்ள முடியாது. மேனேஜர் அதைப் படித்திருந்தால், ‘நான் எப்பய்யா பதில் எழுதினேன்?’ என்று கேட்டிருப்பார், என் ரூல் வெளியே வந்திருக்கும்.

அதை என் கையாலேயே கிடங்குக்கு மாற்றினேன். ‘இன்னும் இல்லை’ என்று பதில் எழுதியிருக்கலாம். எழுதினால் திரும்பக் கேட்பார், திரும்பப் படம் அனுப்புவார், அதற்கு முடிவே இருக்காது. ஒருமுறை பிரித்துச் சரிசெய்துவிட்டால் எல்லோருக்கும் நிம்மதி என்று தோன்றியது. மேனேஜர் பெயரில் எழுதினேன்: ‘நிறுத்தியாகிவிட்டது. இறங்கலாம்.’

நான் செய்தது எல்லாமே இடப் பற்றாக்குறையால்தான், மேடம். அதை மட்டும் நான் சொன்னபடியே எழுதிக்கொள்ளுங்கள். அந்தக் கடைசி மெயிலா? நான்கு கேபி. ஒரு பெட்டியில் அப்படிப்பட்டவை ஐந்து லட்சம் வைக்கலாம்.