அடுப்பை அணைத்த பிறகு

குளிர்காலத்தில் என்ன குடிக்கலாம் என்று கேட்பவர்களுக்கு நான் முதலில் சொல்வது, பனிக்கட்டியை மறந்துவிடுங்கள் என்பதுதான். வெளியே விரல் விறைத்துக்கொண்டிருக்கும்போது தம்ளரில் பனிக்கட்டி குலுங்குவதைப் பார்த்தாலே எனக்குப் பல் கூசும். சிரிக்காதீர்கள் ஐயா. நீங்கள் கேட்டதற்குத்தான் வருகிறேன். நான் செய்த காரியம் உங்களுக்கு விளங்க வேண்டுமென்றால் முதலில் என் தொழில் கொஞ்சம் விளங்க வேண்டும்.

என்னுடையது சின்ன மதுக்கடை. பன்னிரண்டு முக்காலிகள், ஒரு நீள மேசை, பின்னால் ஒரு சமையலறை, அங்கே பாத்திரம் துலக்க ஒரு அக்கா. காற்று திரும்பும் முதல் வாரத்தில் சுவரில் இருக்கும் பலகையை ஈரத்துணியால் துடைத்துவிட்டுப் புதிய பட்டியல் எழுதுவேன். கருப்பு ரம்மில் வெந்நீர் ஊற்றி, சுண்டுவிரல் நுனியளவு வெண்ணெய் போட்டது. ஆரஞ்சுத் தோலும் கிராம்பும் சேர்த்து இளஞ்சூடாக்கிய சிவப்பு ஒயின். கடுங்காப்பியில் விஸ்கி, மேலே பாலாடை. பொண்டாட்டியோடு சண்டை போட்டு வருகிறவர்கள் பெரும்பாலும் இந்த மூன்றாவதைத்தான் கேட்பார்கள், ஏன் என்று தெரியாது.

எனக்குப் பிடித்தது ஆப்பிள் சாறு. பட்டை, கிராம்பு, நசுக்கிய இஞ்சி போட்டு அரை மணி நேரம் கொதிக்கவிட்டு, பிராந்தி சேர்க்க வேண்டும். எங்கள் கடை வழக்கப்படி அந்தப் பட்டையும் கிராம்பும் வருஷம் முழுக்க ஒரு ஜாடிப் பிராந்தியில் ஊறிக்கிடக்கும். ஆனால் சூட்சுமம் அதில் இல்லை. பிராந்தியை முதலிலேயே ஊற்றிக் கொதிக்கவிட்டால் வாசனைதான் மிஞ்சும், வீரியம் ஆவியோடு போய்விடும். அடுப்பை அணைத்து, கொதி அடங்கிய பிறகு ஊற்ற வேண்டும். இவ்வளவுதான் விஷயம். இதைத் தெரிந்துகொண்டு பலர் வீட்டிலேயே செய்து குடிக்கிறார்கள்.

என் தங்கையின் கணவரை நான் மாப்பிள்ளை என்று கூப்பிடுவேன். நீங்களும் அப்படியே எழுதிக்கொள்ளுங்கள். பூட்டுச் சாவி பழுது பார்ப்பவர், கடை எனக்கு எதிர்வரிசையில். ஒரு காலத்தில் அவரைப் போலக் குடிக்க ஆள் கிடையாது. அவரைப் போல ருசி பார்க்கவும் ஆள் கிடையாது. குளிர்காலப் பட்டியலை அவர் நாக்கில் வைத்துப் பார்க்காமல் நான் பலகையில் ஏற்றியதில்லை. ஒரு வாய் குடித்துவிட்டுக் கண்ணை மூடுவார். "கிராம்பு ஒண்ணு ஜாஸ்தி மச்சான்" என்பார். எண்ணிப் பார்த்தால் ஒன்று அதிகமாகத்தான் இருக்கும்.

கடை மூடும்போது அவரைத் தோளில் சாய்த்துக்கொண்டு வீடு சேர்ப்பது என் வேலை. மூன்று தெரு, ஒரு பாலம், மூன்றாவது மாடி. செருப்பைக் கழற்றி, ஒருக்களித்துப் படுக்க வைத்து, தலைமாட்டில் வாளியை வைத்துவிட்டுத் திரும்புவேன். தங்கை வாசல்வரை வருவாள், அழுது கண் சிவந்திருக்கும். "நீ மட்டும் இல்லேன்னா நான் என்னண்ணா ஆவேன்" என்பாள். பதினோரு வருஷம் இந்த வார்த்தையைக் கேட்டேன். எங்கள் அப்பா அம்மா போன பிறகு அவளை வளர்த்தவன் நான். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. கேட்கும்போது வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருக்கும்.

பிறகு ஒரு நாள் மாப்பிள்ளைக்குக் கண் மஞ்சளித்து வயிறு வீங்கிவிட்டது. ஆஸ்பத்திரியில் ஒரு மாதம் கிடந்தார். கல்லீரலில் பாதி போய்விட்டது என்றார் டாக்டர். இனிமேல் தொட்டால் பிழைக்க மாட்டார் என்று தங்கையையும் என்னையும் எதிரில் உட்கார வைத்துச் சொன்னார். அதை மறந்துவிட்டேன் என்று சொன்னால் எனக்குச் சாதகமாக இருக்கும். மறக்கவில்லை.

நம்புவீர்களோ என்னவோ, மனிதர் அன்றோடு விட்டுவிட்டார். நாலு வருஷம் ஒரு சொட்டுத் தொடவில்லை. ஊரே அவரைத் தலையில் தூக்கி வைத்து ஆடியது. தங்கையின் முகத்தில் சதை பிடித்தது. பாட்டுப் பாடிக்கொண்டு பாத்திரம் கழுவினாள். குழாய் ஒழுகினால், விளக்கு எரியாவிட்டால் முன்பெல்லாம் எனக்குத்தான் போன் வரும், இப்போது வரவில்லை. ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாட்டுக்கு மட்டும் கூப்பிடுவாள். நானும் பழம் வாங்கிக்கொண்டு விருந்தாளி மாதிரி போவேன்.

அப்படிப் போன ஒரு ஞாயிற்றுக்கிழமை, குளிர் தொடங்கிய வாரம், குழம்புக் கரண்டியை எடுக்கும்போது என் கை லேசாக நடுங்கியது. எனக்கும் ஐம்பத்திரண்டு வயது ஆகிறது. மாப்பிள்ளை அதைப் பார்த்துவிட்டார்.

"மச்சான், நீங்களும் குடியைக் குறைச்சுக்கணும். இல்லேன்னா ஒரு நாள் நான் வந்து உங்களைத் தோள்ல தூக்கிட்டுப் போக வேண்டியிருக்கும்" என்றார்.

நல்ல மனசோடுதான் சொன்னார். தங்கை சிரித்தாள். கண்ணில் நீர் வரும்வரை சிரித்துவிட்டு, "அண்ணன் கனமாச்சே, உங்களால முடியுமா?" என்று கேட்டாள். நானும் சிரித்தேன். சோறு நன்றாக இருந்தது என்று சொல்லிவிட்டு வந்தேன்.

மறுநாளிலிருந்து மாப்பிள்ளைக்கு ஆப்பிள் சாறு போடத் தொடங்கினேன்.

அவர் தினமும் பிற்பகல் மூன்று மணிக்கு என் கடைக்கு வருவார். ஐந்து மணிக்குத்தான் கடை திறக்கும், அதுவரை பேசிக்கொண்டிருப்போம். அந்தக் குளிரில் வெறும் வெந்நீர் குடித்துக்கொண்டிருந்தார், பாவம். "உங்களுக்குன்னு தனியா, பிராந்தி இல்லாம போட்டுத் தரேன்" என்றேன். அன்று மாலையே தங்கை போன் செய்தாள்.

"அண்ணா, அந்தப் பட்டை கிராம்பெல்லாம் பிராந்தியில ஊறினதுதானே?"

"ஊறினதுதான்மா. அரை மணி நேரம் கொதிச்சா அதுல என்ன மிஞ்சும்? வாசனைதான்."

"நல்லா கொதிக்க வெச்சுடுவியா?"

"உன் புருஷனுக்குக் குடுக்கறதை நான் பாத்துக்க மாட்டேனா?"

ஐயா, நான் கொதிக்க வைத்தேன். ஒரு நாள்கூட அரை மணிக்குக் குறைந்ததில்லை. நேற்று நீங்கள் கேட்டபோதும் கொதிக்க வைத்தேன் என்றுதான் சொன்னேன். அது பொய் இல்லை. அடுப்பை அணைத்த பிறகு என்ன செய்தாய் என்று நீங்கள் நேற்றுக் கேட்கவில்லை.

முதல் வாரம் ஒரு தேக்கரண்டி. இரண்டாவது வாரம் இரண்டு. அவர் நாக்கைத் தெரிந்தவன் நான், அவசரப்படவில்லை. நேற்றுக் குடித்ததும் இன்று குடிப்பதும் ஒரே மாதிரி இருக்க வேண்டும், அதுதான் வேலை. மாத்திரை சாப்பிட்டுச் சாப்பிட்டு அவருக்கு எல்லாமே கசந்துகொண்டிருந்தது. குளிர் வந்தால் மூக்கும் அடைத்துக்கொள்ளும். கொஞ்சநஞ்சம் வாசனை தெரிந்தாலும் அதற்குத்தான் ஊறின பட்டை இருக்கிறதே. ஐந்தாவது வாரத்தில் கரண்டியை விட்டுவிட்டு, கடையில் மது அளந்து ஊற்றும் சின்ன அளவுக் குப்பிக்கு மாறினேன்.

அந்தப் பிற்பகல்கள் நன்றாக இருந்தன. மாப்பிள்ளை பழையபடி கலகலவென்று பேச ஆரம்பித்தார். கன்னம் சிவக்கும். பூட்டைத் திறக்கக் கூப்பிட்டுவிட்டு வீட்டு எண்ணை மாற்றிச் சொன்ன கிழவரின் கதையை நடித்துக் காட்டுவார். "உங்க சாறு உள்ளே போனாத்தான் மச்சான் எனக்கு உடம்பே சூடாகுது" என்பார். இரண்டாவது கோப்பை கேட்பார். நான் வற்புறுத்தினேன் என்று யாரும் சொல்ல முடியாது. ஒவ்வொரு கோப்பையும் அவராகக் கேட்டு வாங்கியதுதான்.

ஞாயிற்றுக்கிழமைகளில் எனக்கு விடுமுறை. அந்த நாட்களில் அவருக்குக் கை நடுங்கும், வியர்க்கும், தொட்டதற்கெல்லாம் எரிந்து விழுவார். குளிர்காய்ச்சல் என்று நினைத்துக் கம்பளியைப் போர்த்திக்கொள்வார். தங்கை அப்படி நினைக்கவில்லை. பதினோரு வருஷம் பழகின மூக்கு அவளுடையது. ஒரு திங்கட்கிழமை சாயங்காலம் அவர் வாயருகே குனிந்து முகர்ந்து பார்த்துவிட்டு உள்ளே போனாளாம். மறுநாள் என்னை வரச்சொன்னாள்.

நான் போனபோது மாப்பிள்ளை நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். அவள் சுவரோடு சாய்ந்து நின்றிருந்தாள்.

"சத்தியமா குடிக்கலை. உன் மேல ஆணையா தொடலை" என்றார்.

அவள் அவரைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தாள். "அண்ணா, நீ சொல்லு. இவர் குடிக்கிறாரா இல்லையா? நீ என்ன சொல்றியோ அதை நம்பறேன்."

நான் பொய் சொல்லவில்லை ஐயா. குடிக்கிறார் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. தலையைக் குனிந்துகொண்டு தரையைப் பார்த்தேன். தரையில் ஓடு ஒன்று பெயர்ந்திருந்தது, அதைப் பூச வேண்டும் என்று நினைத்துக்கொண்டேன். அவள் "புரிஞ்சுதுண்ணா" என்று சொல்லிவிட்டு, அவருடைய தலையணையைக் கொண்டுவந்து முன்னறையில் போட்டாள். அதன் பிறகு அவரோடு அவள் பேசவில்லை.

மறுநாள் மூன்று மணிக்கு மாப்பிள்ளை வந்தார். கோப்பையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். "மச்சான், எனக்கே சந்தேகமா இருக்கு. என்னை அறியாம எங்கேயாவது குடிச்சுட்டு மறந்துடறேனா? புத்தி கலங்கிப் போச்சா?" என்று கேட்டார்.

"நீங்க தொடலைன்னா தொடலைதான் மாப்பிள்ளை. யார் நம்பாட்டியும் நான் நம்பறேன்" என்றேன்.

என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். எனக்கும் கண் கலங்கியது. அன்று அவருக்கு இரண்டு குப்பி ஊற்றியிருந்தேன்.

அதற்குப் பிறகு பதினேழு நாள். வயிறு மறுபடி வீங்கியது. டாக்டரிடம் போகலாம் என்று நான் சொல்லிப் பார்த்தேன், அவர் போகவில்லை. டாக்டரும் குடித்தாயா என்றுதானே கேட்பார், அவமானம். கடைசி நாள் நாலரை மணி இருக்கும். மூன்றாவது கோப்பை பாதியில் இருந்தது. எழுந்து நின்றவர் மேசை மேல் ரத்தமாக வாந்தி எடுத்தார். பாத்திரம் துலக்கும் அக்கா துணி எடுக்க ஓடினாள். அவள்தான் உங்களிடம் வந்து சொல்லியிருக்கிறாள் என்று தெரியும். "அவரா குடிக்கலைன்னு தெரிஞ்சும் ஊமையா இருந்துட்டேன், செத்த பிறகும் அவரைத் திட்டறதைக் காது குடுத்துக் கேக்க முடியலை" என்றாளாம். அவள் மேல் எனக்குக் கோபம் இல்லை. அடுப்பை அணைத்த பிறகுதான் நான் குப்பியை எடுப்பேன் என்று அவள் சொன்னது சரிதான்.

ஆம்புலன்ஸ் கூப்பிடலாம் என்றாள் அக்கா. வேண்டாம், வீடு பக்கம்தான் என்றேன். மாப்பிள்ளையைத் தோளில் சாய்த்துக்கொண்டேன். மூன்று தெரு, ஒரு பாலம், மூன்றாவது மாடி. வெயில் இன்னும் இருந்தது, தெருவில் எல்லோரும் பார்த்தார்கள். நாலு வருஷத்தில் நன்றாக எடை கூடியிருந்தார், மூச்சு வாங்கியது. தங்கை கதவைத் திறந்தாள். அவரைத் தொடவில்லை. என் சட்டையில் இருந்த ரத்தத்தைத் தன் முந்தானையால் துடைத்தாள். "உனக்குத்தான் எல்லாக் கஷ்டமும். நீ மட்டும் இல்லேன்னா நான் என்னண்ணா ஆவேன்" என்றாள்.

செருப்பைக் கழற்றினேன், ஒருக்களித்துப் படுக்க வைத்தேன், வாளி வைத்தேன். பிறகுதான் ஆஸ்பத்திரி. மூன்று நாள் இருந்தார். பேச முடிந்தபோதெல்லாம் "குடிக்கலை" என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தார். அவள் ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்துகொண்டாள். "சாகும்போதும் பொய்யா?" என்று ஒரு தடவை கேட்டாள், அவ்வளவுதான். அதைக் கேட்ட பிறகு அவர் வாயைத் திறக்கவில்லை.

நீங்கள் எழுதியிருப்பதைப் படித்துப் பார்த்துவிட்டேன். தேதி, அளவு எல்லாம் சரி. இறந்துபோவார் என்று தெரிந்தே கொடுத்தேன் என்பதும் சரி. பகை காரணமாக என்று ஓரிடத்தில் எழுதியிருக்கிறீர்கள், அதை மட்டும் அடித்துவிடுங்கள். எனக்கு அவர் மேல் பகை கிடையாது, தெருவில் யாரை வேண்டுமானாலும் கேளுங்கள். அடித்துவிட்டுக் கொடுங்கள், கையெழுத்துப் போடுகிறேன்.

ஒரே ஒரு உதவி கேட்கிறேன். நாளைக்கு என் தங்கையைக் கூப்பிடப் போவதாகச் சொன்னீர்கள். என்னைப் பற்றி என்ன வேண்டுமானாலும் சொல்லுங்கள். அவர் தெரியாமல்தான் குடித்தார் என்பதை மட்டும் சொல்லாதீர்கள். அவர் சொன்னது உண்மை என்று தெரிந்தால் அவள் தாங்க மாட்டாள், வாழ்நாள் முழுக்க அவரை நினைத்து அழுவாள். பொய் சொல்லிவிட்டுச் செத்தார் என்றே இருக்கட்டும். அண்ணன் என்ற முறையில் அவள் நல்லதுக்குத்தான் சொல்கிறேன். இப்போது அவளுக்கு என்னை விட்டால் யாரும் இல்லை.