விழாத சர்வர்

நடுநாயகமாய் வீற்றிருந்து, நான் எப்போது முடிப்பேன் என்று இப்போதே கடிகாரம் பார்க்கும் குருதிக் கொடையாளர் சங்கத் தலைவர் அவர்களே, பத்து மாதம் சுமந்ததோடு நில்லாமல் பிறர் பிள்ளைக்கும் இரத்தம் தரும் தாய்மார்களே, பெரியோர்களே, காபி எப்போது வரும் என்று கதவையே பார்க்கும் கடைசி வரிசைத் தோழர்களே, அனைவருக்கும் என் பணிவான வணக்கம்.

நான் ஐந்தாம் வகுப்பைத் தாண்டாதவன். அந்த வகுப்பு என்னைத் தாண்டவிடவில்லை. ஆனால் முப்பது ஆண்டாக நான் சர்வர். ஓட்டலில் தட்டேந்தும் சர்வர். என் மனைவியின் தங்கை, அதே கட்டிடத்தின் மேல்மாடியில் வேறொரு சர்வர் வைத்திருக்கிறாள். உங்கள் சங்கத்தின் இணையதளத்தைத் தாங்கும் கணினி அது. இரண்டு சர்வருக்கும் என்ன சம்பந்தம் என்கிறீர்களா? இரண்டும் அவளிடம்தான் திட்டு வாங்குகின்றன.

போன வருடம் ஒரு காலை, பத்து மணி. பிரசவ வார்டுக்கு அரிய வகை இரத்தம் வேண்டும் என்று சங்கம் அழைக்கிறது. ஆயிரக்கணக்கானோர் ஒரே நேரத்தில் தளத்தைத் திறக்கிறார்கள். நான் காபித் தட்டோடு படியேறுகிறேன். உள்ளேயிருந்து அவள் குரல்: "ஐயோ, சர்வர் விழுந்துடுச்சு."

தட்டைப் படியில் வைத்துவிட்டுக் கீழே ஓடினேன். சமையலறையில் தேடினேன், மேசைக்கு அடியில் தேடினேன். எல்லா சர்வரும் நின்றுகொண்டுதான் இருந்தார்கள். தைலப் புட்டியோடு திரும்ப மேலே ஓடினேன்.

"யாரும்மா விழுந்தது? எங்க அடி?"

"விழுந்தது மெஷின் மாமா, கூட்டம் தாங்காம நின்னுபோச்சு. தைலத்தை நீங்களே வச்சுக்கோங்க. தலையில தேய்ங்க."

சிரியுங்கள், சிரியுங்கள். அன்று எங்களால் சிரிக்க முடியவில்லை. இதோ அமர்ந்திருக்கும் தலைவர், பழைய நோட்டுப் புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு வீடு வீடாக அலைந்து, கடைசி நிமிடத்தில் ஒரு கொடையாளரைக் கொண்டுவந்தார். அன்று மாலையே படியேறி வந்து சொன்னார்: "ஒரு வாரம் பார்ப்பேன்மா. இன்னொரு தடவை விழுந்தா வேற இடம் பார்த்துக்கறேன்."

அவள் முகம் வாடிப்போயிற்று. நான் கேட்டேன், "ஏம்மா விழுது?"

"ஒவ்வொருத்தர் கேட்கும்போதும் அதே பக்கத்தை முதல்லேருந்து தயார் பண்ணுது மாமா."

"நூறு பேர் காபி கேட்டா நாங்க நூறு தடவையா அடுப்பு மூட்டறோம்?"

"தயாரா எடுத்து வைக்கற வசதி இதுலயே இருக்கு. கூட்டத்தை ரெண்டு மெஷினுக்குப் பிரிச்சு விடலாம். எல்லாம் இருக்கு. நான்தான் அப்புறம் பார்த்துக்கலாம்னு விட்டுட்டேன்."

அப்புறம். என்ன சொல் ஐயா இது? எத்தனை வேலையை இது தூங்கவைத்தது? எத்தனை கதவை இது திறந்தே போட்டது?

அந்த ஒரு வாரம் அவள் அசரவில்லை. எல்லோரும் கேட்கும் பக்கத்தைச் சூடாக முன்னே எடுத்து வைத்தாள். வாசலில் நின்று, காலியான மேசை பார்த்து ஆளை அனுப்புவதுபோல, இன்னொரு மெஷினும் சேர்த்து, நடுவே ஒரு பிரிப்பான் வைத்தாள். கொடையாளர் கைப்பேசி எண்கள் இருக்கும் இடத்துக்குப் பூட்டுப் போட்டாள். சமையலறைக்குள் வாடிக்கையாளர் நுழையலாமா? ஒரே ஆள் நிமிடத்துக்கு நூறு முறை மணியடித்தால், "கொஞ்சம் வெளியே உட்காருங்க" என்று சொல்லவும் ஏற்பாடு. யார் வந்தார், எப்போது வந்தார், எது தடுக்கியது என்று வரிக்கு வரி குறிப்பு. எங்கள் ஓட்டல் முதலாளி இதைப் பார்த்தால் எனக்கும் இப்படி ஒரு குறிப்பேடு போட்டுவிடுவார்.

ஆறாம் நாள், பத்து மணி. அதே வார்டு, அதே அரிய வகை, இன்னொரு தாய். மறுபடியும் நான் படியில். உள்ளேயிருந்து குரல்: "ஒண்ணு போச்சு மாமா."

தட்டைப் படியில் வைத்தேன். "அப்போ?"

"இன்னொண்ணு தாங்குது. வெளியில யாருக்குமே தெரியலை."

பதினோராவது நிமிடம் கொடையாளர் கிடைத்தார். அந்தத் தாய் மூன்றாம் வரிசையில் இருக்கிறார். மடியில் இருப்பவர் என் பேச்சைக் கேட்டு நன்றாகத் தூங்குகிறார். எழுப்பாதீர்கள், கைதட்டலை மெதுவாக வைத்துக்கொள்ளுங்கள்.

தோழர்களே, அந்த அரிய வகைக்கு நம் பட்டியலில் இன்றும் இரண்டே பேர். ஒருவர் ஊரில் இல்லை. மற்றவர் காய்ச்சலில் படுத்தால்? மெஷினுக்குத் துணை மெஷின் வைத்தோமே, மனிதருக்குத் துணை மனிதர் வேண்டாமா? இரத்தம் என்ன வகை என்றே பார்க்காமல் இங்கே எத்தனை பேர்? கேட்டால் என்ன சொல்வீர்கள்? ஆமாம், அதே சொல்தான். அம்மா, நீங்கள் சொல்லிவிட்டீர்கள்: அப்புறம்.

கேட்டதும் கொண்டுபோய்க் கொடுப்பவன் சர்வர் என்றால், நீங்கள் எல்லோரும் சர்வர்தான். ஒருவர் சாயும்போது ஒருவர் நின்றால், எவரும் விழமாட்டோம்.

தலைவர் துண்டுச்சீட்டு அனுப்பியிருக்கிறார். முப்பது ஆண்டாகத் துண்டுச்சீட்டுப் பார்த்து வேலை செய்பவன் நான், இதை மீறமாட்டேன். பதிவு மேசை வலப்பக்கம், காபி அதற்கு அடுத்து. வேண்டுமென்றே அந்த வரிசையில்தான் வைத்திருக்கிறேன். பொறுத்துக் கேட்ட உங்களுக்கு நன்றி கூறி, தட்டெடுக்கப் போகிறேன். வணக்கம்.