இசக்கிச்செல்வியின் தாழ்ப்பாள் கட்டுரை

...பிள்ளைங்களுக்குக் கட்டுரை எழுதச் சொல்லிக்கொடுக்கிறது லேசுப்பட்ட வேலை இல்லீங்க. நான் மறுக்கவே இல்ல. ஆனா, இங்க உக்காந்திருக்கிற தமிழாசிரியர்கள் கோவிச்சுக்கலைன்னா, ஒரு குட்டிக் கதை இருக்கு, அதைச் சொல்லிட்டு விஷயத்துக்கு வர்றேன். கோவிச்சுக்கிட்டாலும் சொல்லத்தான் போறேன்!

கோவில்பட்டிப் பக்கம் ஒரு உயர்நிலைப் பள்ளி. பேரு வேணாம். அங்க எட்டாம் வகுப்புக்கு ரெஜினா டீச்சர்னு ஒரு தமிழ் டீச்சர். நல்ல டீச்சர்ங்க. கைடைப் பார்த்து மனப்பாடம் பண்ணி அப்படியே வாந்தி எடுக்கிறது அவங்களுக்குப் பிடிக்காது. "சொந்தமா எழுதுங்க. ஆனா பேசுற மாதிரி எழுதக்கூடாது. ஆய்வு பண்றவங்க எழுதுற மாதிரி இருக்கணும். 'நான்', 'எனக்கு' எல்லாம் வரக்கூடாது. எதைச் சொன்னாலும் சான்று வேணும்"னு கறாரா சொல்லிட்டு ஒரு தலைப்பும் குடுத்தாங்க. 'நம் பள்ளியில் ஒரு குறை.'

அந்த வகுப்புல இசக்கிச்செல்வின்னு ஒரு பிள்ளை. வாயே திறக்காது. அது எழுதுச்சு... "எங்க ஸ்கூல்ல பொம்பளப் பிள்ளைங்க பாத்ரூம் கதவுக்குத் தாப்பா இல்ல. நான் உள்ள போனா வினோதா வெளிய நின்னு கதவைப் பிடிச்சுக்குவா. அவ லீவு போட்டா அன்னைக்கு நான் தண்ணியே குடிக்க மாட்டேன். வயிறு வலிக்கும். எனக்கு அழுகையா வரும்."

டீச்சர் என்ன செஞ்சாங்க? சிவப்புப் பேனாவை எடுத்தாங்க. 'எங்க ஸ்கூல்'... அடி. 'இப்பள்ளியில்'னு எழுது. 'பாத்ரூம்'... அடி. 'எனக்கு அழுகையா வரும்'... அதுக்குக் குறுக்க ஒரு நீளக்கோடு. "ஏம்மா இசக்கி, ஆய்வுல அழுகை வரலாமா? திருத்தி எழுதிட்டு வா."

சரின்னு போச்சு பிள்ளை. திருத்தி எழுதுச்சு. "இப்பள்ளியின் கழிப்பறைக் கதவிற்குத் தாழ்ப்பாள் இல்லை. ஆகையால் மாணவியர் நீர் அருந்துவதைத் தவிர்க்கின்றனர்." டீச்சருக்குச் சந்தோஷம். ஆனா பேனா விடுமா? "எல்லா மாணவியருமா? உனக்கு எப்படித் தெரியும்? சான்று எங்க?"

ஐயா, கொஞ்சம் யோசிச்சுப் பாருங்க. வாயே திறக்காத பிள்ளை... இடைவேளையில ஒவ்வொரு வகுப்பா போயி, "அக்கா, நீங்க ஸ்கூல்ல தண்ணி குடிப்பீங்களா? ஏன் குடிக்க மாட்டீங்க?"ன்னு கேட்டுச்சு. சில பிள்ளைங்க சிரிச்சுச்சு. சிலது, "போடி அங்கிட்டு"ன்னு விரட்டுச்சு. கூச்சத்துல செத்துச் செத்துப் பிழைச்சு, கேட்டு முடிச்சு, வந்து எழுதுச்சு. "வினவப்பட்ட மாணவியருள் பெரும்பாலோர் பள்ளி நேரத்தில் நீர் அருந்துவதில்லை எனத் தெரியவருகிறது."

'தெரியவருகிறது'! டீச்சர் துள்ளிக் குதிக்காத குறை. ஓடிப்போய் ஹெட்மாஸ்டர்கிட்ட காட்டினாங்க. அவரு கண்ணாடியை மாட்டிக்கிட்டு, "அடேயப்பா! என்ன நடை, என்ன நடை! இதைக் காலையில ப்ரேயர்ல வாசிக்கச் சொல்லுங்க டீச்சர்"னாரு. பிள்ளை வாசிச்சுச்சு. பள்ளிக்கூடமே கைதட்டுச்சு. வாத்தியார்கள் எல்லாரும் முதுகுல தட்டிக் குடுத்தாங்க. 'வெரிகுட்'னாங்க. அப்புறம்... மணி அடிச்சுது, அவங்கவங்க வகுப்புக்குப் போயிட்டாங்க.

ஒருத்தருக்காவது... ஒரே ஒருத்தருக்காவது அது காதுல விழுந்துச்சா? விழலீங்க!

வகுப்புக்குள்ள வந்ததும் பிள்ளை மெதுவா டீச்சர் மேசைகிட்ட வந்து நின்னுச்சு.

"டீச்சர்... இப்பச் சரியா எழுதிட்டேன்ல?"

"ரொம்பச் சரிம்மா. ஒரு தப்புகூட இல்ல."

"அப்ப... தாப்பா போட்டுருவாங்களா டீச்சர்?"

டீச்சருக்கு ஒண்ணும் புரியல. "என்னம்மா சொல்ற?"

"இல்ல டீச்சர்... நான் தப்புத் தப்பா எழுதினேன்ல... அதான் இன்னும் போடலைன்னு நினைச்சேன்."

...

இதை ரெஜினா டீச்சரே எங்கிட்ட சொன்னாங்க. சொல்லும்போது தலையை நிமிர்த்தவே இல்ல. "ஐயா, நான் ஒவ்வொரு தடவை திருத்தி வான்னு அனுப்பும்போதும், அந்தப் பிள்ளை அதிகாரிகிட்ட மனுவைத் திருப்பி வாங்கின மாதிரி வாங்கிட்டுப் போயிருக்கு. நான் அதுல வாக்கியத்தை மட்டும்தான் பார்த்தேன். நானும் ஒரு பொம்பளை. எங்க டீச்சர்ஸ் பாத்ரூம் சாவி என் கைப்பையிலதான் கிடந்துச்சு. அன்னைக்கு அந்தப் பிள்ளை மூஞ்சியைப் பார்க்க முடியலை ஐயா, கூசிப்போச்சு"ன்னாங்க.

அன்னைக்குச் சாயங்காலமே அவங்களே இரும்புக் கடைக்குப் போயி ஒரு தாப்பா வாங்கி, ஆளைக் கூட்டிட்டு வந்து மாட்ட வச்சாங்க. எவ்வளவு நேரம் ஆச்சுன்னு நினைக்கிறீங்க? டீ ஆறுற நேரம்கூட ஆகலையாம்! இதுக்குத்தான் அந்தப் பிள்ளைங்க வருஷக்கணக்கா வயித்தைப் பிடிச்சுக்கிட்டு உக்காந்திருந்துச்சுங்க.

இப்போ சொல்லுங்க. இலக்கண நடை தப்பா? சான்று கேட்டது தப்பா? இல்லவே இல்ல! நல்லா சொல்லிக்குடுங்க. நம்ம பிள்ளைங்க நாளைக்கு எந்த ஆபீஸ் வாசல்ல நின்னாலும் அந்த எழுத்துதான் அதுகளுக்குத் துணை. ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாதுன்னு பிள்ளைங்களைத்தானே கேலி பண்ணுவோம்? இங்க அந்தப் பிள்ளை நெசச் சுரைக்காயையே கொண்டாந்து குடுத்துச்சுங்க. நாமதான் அதை ஏடுன்னு நினைச்சு மார்க்கு போட்டோம்.

பிள்ளைங்க எதுக்கு எழுதுது தெரியுமா? மார்க்குக்குன்னு நாம நினைக்கிறோம். இல்லீங்க... படிக்கிறவங்க ஏதாவது செய்வாங்கன்னு நம்பி எழுதுது. சரியா எழுதினா சரியா நடக்கும்னு நம்புது. அந்த நம்பிக்கையை நினைச்சா எனக்கு வெக்கமா இருக்குங்க. உங்களுக்கும் இருக்கும். இருக்கட்டும்! அதைத் துடைச்சுப் போட்டுட்டு வீட்டுக்குப் போயிராதீங்க. வெக்கப்பட்டதுனாலதான் அந்த அம்மா கடைக்குப் போனாங்க.