அணைக்கத் தெரியாத சுவிட்ச்

எத்தனையோ குடும்பங்களைப் பத்திரமாக அவரவர் நிறுத்தத்தில் இறக்கிவிட்டு, இன்று இந்த மேடைக்குத் தலைமை ஏற்று அமர்ந்திருக்கும் பேருந்து ஓட்டுநர் சங்கத் தலைவர் அவர்களே, வெயிலென்றும் பாராமல் சந்திப்பில் நின்று ஊரை ஒழுங்காக நகர்த்தும் காவல்துறை அன்பர்களே, கையெல்லாம் கிரீசும் மனமெல்லாம் கனிவுமாக வந்திருக்கும் மெக்கானிக்குகளே, பெரியவர்களே, பிள்ளையின் வண்டிச் சத்தம் தெருமுனையில் கேட்டால்தான் தட்டை எடுத்து வைக்கும் தாய்மார்களே, அனைவருக்கும் வணக்கம்.

விளக்கைப் பற்றிப் பேசச் சொன்னார்கள். இரவு விளக்கைப் பற்றியா? இருட்டில் விளக்குப் போடு என்று யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. நான் பேச வந்தது பகல் விளக்கைப் பற்றி. பட்டப்பகலில் மோட்டார் சைக்கிளின் நெற்றியில் எரிகிறதே, அந்த விளக்கைப் பற்றி.

அதைக் கண்டால் நாம் என்ன செய்கிறோம்? வருகிறவன் யார் எவர் என்று தெரியாது. ஆனாலும் கையைத் தூக்கி, விரல்களை மூடித் திறந்து, மூடித் திறந்து காட்டுகிறோம். லைட் எரியுது, அணைச்சிடு என்கிறோம். முகம் தெரியாதவனின் பேட்டரிக்காகக் கவலைப்படுகிற மனம் நம் மனம். அந்தக் கையை நான் குறை சொல்ல மாட்டேன். அது அன்புக் கை. ஆனால் அந்த அன்புதான் என் வீட்டுக்குள் ஒரு சண்டையைக் கொண்டுவந்தது.

என் மகன் பேக்கரியிலிருந்து கடைகளுக்கு ரொட்டி கொண்டு போகிறவன். அவனுக்கு ஊர் வைத்த பெயர் ‘அவசரம்’. அவன் மகள், என் பேத்தி, வண்டி மெக்கானிக். சொந்தப் பட்டறை வைத்திருக்கிறாள். கைதட்டுகிறீர்களா? தட்டுங்கள். ஓயும்வரை காத்திருக்க எனக்கு ஒரு சிரமமும் இல்லை.

சாவியைத் திருப்பி வண்டியைக் கிளப்பினாலே விளக்கும் எரிகிற புது வண்டி வாங்கினான் மகன். ஒரு வாரம் பொறுத்தான். பிறகு பட்டறைக்குள் வந்து நின்றான்.

"ஊரே கைய ஆட்டுதும்மா. நான் ரொட்டி குடுக்கப் போறேனா, இவங்களுக்குப் பதில் சொல்லப் போறேனா? ஒரு சுவிட்ச் வச்சுக் குடு. பகல்ல அணைச்சுக்கிறேன்."

"அது நீங்க வழி பாக்குறதுக்கு இல்லப்பா. எதிர்ல வர்றவங்க உங்களப் பாக்குறதுக்கு."

"ஏன், நான் என்ன சினிமா நடிகனா? பேட்டரி போயிடும்."

"வண்டி ஓடுற வரைக்கும் பேட்டரி ஏறிக்கிட்டேதான் இருக்கும்."

"உனக்கு முடியாதுன்னா சொல்லு. எதிர்ப் பட்டறையில வச்சுக்கிறேன்."

பேத்தியின் முகம் வாடிப்போனது. தொழில் கைமாறுகிறதே என்றா வாடியது? இல்லை. எதிர்ப் பட்டறையில் ஒரு வயரை வெட்டினால் போதும், பரபரப்பான அந்தச் சாலையில் தன் அப்பா பாதி மறைந்துவிடுவார் என்று வாடியது.

மறுநாள் பேத்தியின் கையாலேயே சுவிட்ச் ஏறியது. சிவப்புச் சுவிட்ச். அழுத்தினால் டிக்கென்று அழகான சத்தம். மகனுக்கு ஒரே மகிழ்ச்சி. ஆனால் அவள் சீட்டைக் கழற்றி வைத்திருந்தபோது நான் பக்கத்தில் இருந்தேன். சுவிட்சிலிருந்து கிளம்பிய வயர் சீட்டுக்கு அடியில் வந்து, எதிலும் சேராமல், நுனியில் கறுப்பு டேப் சுற்றிக்கொண்டு நின்றது.

"என்னடி இது, பாதியில நிக்குது?"

"அது அங்கதான் பாட்டி நிக்கணும். அப்பாகிட்ட சொல்லிடாதீங்க."

பின்வரிசையில் சிரிப்பது கேட்கிறது. ஆமாம், பொய்ச் சுவிட்ச்தான். நானும் உடந்தைதான். வேறென்ன செய்யச் சொல்கிறீர்கள்?

வெயிலில் வண்டி ஓட்டுகிறவனுக்குத் தன் விளக்கு எரிவது தெரியாது. எதிரே வருகிறவருக்குத்தான் தெரியும். என் மகனின் வேலையோ பகலோடு முடிந்துவிடும். ஊர் கையாட்டும், இவன் டிக்கென்று அழுத்துவான், அப்புறமும் ஊர் கையாட்டும். வீட்டுக்கு வந்து அலுத்துக்கொள்வான்: "ஜனங்களுக்குக் கண்ணுல ஏதோ கோளாறும்மா. அணைச்ச லைட்டப் பாத்து அணைங்கிறாங்க." பேத்தி தட்டைப் பார்த்துக்கொண்டே சிரிப்பை விழுங்குவாள்.

பிறகு ஒரு காலை. சாம்பல் நிற வானம், சாம்பல் நிறச் சாலை, சாம்பல் நிற மழை. அதற்குள் சாம்பல் நிற மழைக்கோட்டுப் போட்டுக்கொண்டு என் பிள்ளை. எதிரே ஒரு பேருந்து, முன்னால் ஊர்ந்த லாரியை முந்துவதற்காக இவன் பக்கம் ஏறியது. ஏறியது, சட்டென்று திரும்பத் தன் பக்கமே ஒதுங்கியது. காற்று மட்டும் இவனை அறைந்துவிட்டுப் போனது. கொஞ்ச தூரத்தில் பேருந்து நின்றது. ஓட்டுநர் மழையில் இறங்கி ஓடி வந்தார்.

"அண்ணே, உங்களத் தெரியல. வண்டியும் தெரியல. அந்த லைட்டு மட்டும் தெரிஞ்சுது. அதப் பாத்துதான் ஒதுங்குனேன்."

"நான் லைட்ட அணைச்சுட்டுல்ல வந்தேன்?"

"அணைச்சீங்களா? கையக் காட்டிப் பாருங்க."

என் மகன் உள்ளங்கையை விளக்குக்கு முன்னால் நீட்டினான். மழைத்துளிகளோடு சேர்ந்து உள்ளங்கை நிறைய வெளிச்சம். டிக்கென்று அழுத்தினான். அப்போதும் வெளிச்சம். மறுபடி அழுத்தினான். அப்போதும் வெளிச்சம்.

நேராகப் பட்டறைக்கு வந்தான். நனைந்தபடியே ஸ்டூலில் உட்கார்ந்தான். இன்று நமக்கு இருக்கிறது என்று நானும் பேத்தியும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம்.

"இந்தச் சுவிட்ச் ரிப்பேரும்மா" என்றான்.

"என்னப்பா ரிப்பேர்?"

"அழுத்துனா அணைய மாட்டேங்குது."

அவள் கையிலிருந்த ஸ்பேனரைக் கீழே வைத்தாள். பிறகு கேட்டாள். "சரி பண்ணட்டுமா?"

"வேணாம்மா. அது பாட்டுக்கு இருக்கட்டும்."

சொல்லிவிட்டு, அந்த ஈரக் கையை அவள் தலையில் வைத்தான். எடுக்கவே இல்லை. ‘அவசரம்’ என்று பெயர் வாங்கியவன், அன்று எங்கேயும் போக அவசரப்படவில்லை.

அந்தப் பேருந்து ஓட்டுநர் யார் என்று கேட்கிறீர்களா? இதோ, நான் பேசுகிற நேரமெல்லாம் தலையைக் குனிந்துகொண்டு, மேசைவிரிப்பின் ஓரத்தைத் திருகிக்கொண்டு இருக்கிறாரே, நம் தலைவர். தம்பி, நிமிர்ந்து உட்காருங்கள். நீங்கள் கண்டீர்கள், அதனால் என் பிள்ளை இருக்கிறான்.

என் மக்களே, கை காட்டுவதை விட்டுவிடாதீர்கள். ஆளை மட்டும் மாற்றிக்கொள்ளுங்கள். விளக்கு எரிகிறவனைப் பார்த்துக் காட்டிய கையை, விளக்கு எரியாதவனைப் பார்த்துக் காட்டுங்கள். போடு தம்பி, போடு கண்ணு, நீ வருவது எங்களுக்குத் தெரியட்டும் என்று காட்டுங்கள்.

வெயில் சாய்கிறது. என் கண்ணுக்கு இப்போதெல்லாம் தூரத்து முகங்கள் தெரிவதில்லை. ஆனால் அதோ, சாலைக் கோடியில் ஒரு வெளிச்சம் வருகிறது. என் மகனாக இருக்கலாம், உங்கள் மகளாகவும் இருக்கலாம். யாராக இருந்தாலும் வருவது தெரிகிறது. பெற்றவளுக்கு அது போதும்.

பேசச் சொன்னவர்களுக்கும் பொறுமையாகக் கேட்டவர்களுக்கும் நன்றி. விளக்கோடு போய் நலமாக வீடு சேருங்கள். வணக்கம்.