நிலவறை மணி

அந்த மின்விசிறியைக் கொஞ்சம் குறைத்து வைக்க முடியுமா, ஐயா? நிறுத்த வேண்டாம். ஓடுகிற விசிறி எனக்குப் பழக்கம்தான், அதன் ஓரத்தில் நின்றே தலை நரைத்தவன் நான். உங்கள் காகிதம் படபடக்கிறது, முழங்கையால் அழுத்திக்கொண்டு எழுதுகிறீர்கள். அதற்காகச் சொன்னேன்.

சினிமாவில் காற்றடிக்கிற வேலை எனக்கு. ஆளை விட உயரமான விசிறி, லாரி எஞ்சின் பூட்டியது. கதாநாயகியின் கூந்தல் பறக்க வேண்டுமென்றாலும் சரி, கூரை பிய்த்துக்கொண்டு போக வேண்டுமென்றாலும் சரி, என்னைத்தான் கூப்பிடுவார்கள். பெயர் சொல்லி யாரும் கூப்பிடுவதில்லை. எல்லாருக்கும் நான் காத்தண்ணன். என் மகளும் அதையே பிடித்துக்கொண்டாள். வீட்டுக்குள் நுழைந்ததும், "காத்தண்ணே, எனக்கு என்ன வாங்கிட்டு வந்தீங்க?" என்பாள். "அப்பனைப் போய் அண்ணேங்கிற, வாயிலயே போடுவேன்" என்று அவள் அம்மா அதட்டுவாள். எனக்குச் சிரிப்பாக இருக்கும்.

திரையில் காற்றை யாரும் பார்ப்பதில்லை, ஐயா. மரம் ஆடுவதைப் பார்ப்பார்கள், ஆட்டியவன் யார் என்று கேட்க மாட்டார்கள். என் வீட்டிலிருந்து ஒரு முகமாவது அந்தத் திரையில் தெரிய வேண்டும் என்று எனக்கு ஆசை. காக்கைக்கும் தன் குஞ்சு பொன் குஞ்சு. கெஞ்சிக் கூத்தாடித்தான் இந்தப் படத்தில் மகளுக்கு ஒரு வேஷம் வாங்கினேன்.

படம் ஒரு நாவலிலிருந்து எடுத்தது. சுழல்காற்று ஒரு குடும்பத்தைத் துரத்துகிற கதை. பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போய்ப் பார்க்கிற படம், அதனால் அதில் யாரும் சாக மாட்டார்கள். வீட்டுக்கு அடியில் ஒரு நிலவறை. அந்தக் குடும்பத்து மகள், அதுதான் என் பிள்ளையின் வேஷம், முதலில் உள்ளே இறங்குவாள், கதவின்மேல் மரம் விழுந்துவிடும். "அப்பா, கதவைத் திறங்கப்பா" என்று அவள் கதறுவாள். கடைசியில் அப்பா மரத்தைப் புரட்டித் தள்ளிவிட்டு அவளைத் தூக்கிக்கொள்வார். என் மனைவி அந்த நாவலை மகளுக்கு வாசித்துக் காட்டினாள். அந்த இடம் வந்ததும், "எங்கப்பாவா இருந்தா காத்தையே நிறுத்திடுவாரு, மரத்த எதுக்குத் தூக்கணும்?" என்று கேட்டாளாம். சொல்லிச் சொல்லிச் சிரித்தாள் என் மனைவி.

மணியைப் பற்றிக் கேட்டீர்கள். பெரிய விசிறி ஓடும்போது நாங்கள் மனிதக் குரலை நம்புவதில்லை. பாதி காதில் விழாது. விழுந்தாலும் அது வசனமா நிஜமா என்று எப்படித் தெரியும்? அந்தக் காட்சியில் வசனமே கதறல்தானே. ஆகவே உள்ளே இருப்பவர் கைக்கு எட்டுகிற இடத்தில் ஒரு கயிறு தொங்கும். அதன் மறுமுனையில், விசிறிக்காரன் காதோரமாக, ஒரு பித்தளை மணி. மணி அடித்தால் விசிறி நிற்கும், டைரக்டரைக்கூடக் கேட்க வேண்டியதில்லை. 'கட்' சொல்லும்வரை வேறு எதற்கும் நிற்காது. இது எங்கள் தொழிலில் வேதவாக்கு. "மணி கட்டாம என் பிள்ளைய உள்ள இறக்க மாட்டேன்" என்று என் மனைவி ஒற்றைக்காலில் நின்றாள். கட்டிய பிறகு முடிச்சைத் தானே இழுத்துப் பார்த்தாள், அடித்துப் பார்த்தாள், அப்புறம்தான் நகர்ந்தாள்.

என் மகளுக்குப் பயம் வரவில்லை. அதுதான் சிக்கல். தொட்டில் பிள்ளையாக இருந்த நாளிலிருந்து விசிறிச் சத்தத்தில் தூங்கி வளர்ந்தவள். நிலவறைக்குள் கதறச் சொன்னால், ஊஞ்சலில் உட்கார்ந்த மாதிரி சிரிப்பை அடக்கிக்கொண்டு நின்றாள். டைரக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "காத்தண்ணே, புயல்ல மாட்டின முகமா இது? நாளைக்கு வேற பொண்ணு வருது. தப்பா எடுத்துக்காதீங்க" என்றார். "இன்னும் ஒரே ஒரு தடவை பாருங்க சார்" என்றேன். சாப்பாட்டுக்கு அப்புறம் பார்க்கலாம் என்று ஒத்துக்கொண்டார்.

மகளிடம் போய், "ஏம்மா, உனக்குப் பயமே இல்லையா?" என்று கேட்டேன். வாயில் சோற்றை வைத்துக்கொண்டே, "மணி இருக்குல்ல. இழுத்தா நீங்க நிறுத்திடுவீங்க, அப்புறம் என்ன பயம்?" என்றாள்.

விஷயம் எனக்குத் தெளிவாகிவிட்டது. எல்லாரும் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது மணியின் நாக்கைக் கழற்றினேன். பால்பல்லைப் பிடுங்குவது மாதிரி, திருகினால் வந்துவிட்டது. சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன். அவள் ஒரு நிமிஷம் பயந்தால் போதும் என்றுதான் நினைத்தேன். பயந்து யாராவது செத்திருக்கிறார்களா?

அவளை உள்ளே இறக்கிக் கதவை மூடி, அதன்மேல் மரத்தைக் கிடத்தினார்கள். உள்ளே ஒரு கேமரா மட்டும், ஆள் கிடையாது. மாவு மாதிரி சலித்த மண்ணை விசிறிக்கு முன்னால் கொட்டினார்கள். பலகை இடுக்கு வழியாக அது உள்ளே போகும். எப்போதும் போவதுதான்.

கயிறு எனக்கு நன்றாகத் தெரிந்தது. முதலில் ஒருமுறை மெல்ல அசைந்தது, இருக்கிறதா என்று பார்ப்பது போல. பிறகு வெடுக்கென்று இழுபட்டது. பிறகு விடாமல் இழுபட்டது. மணி ஊமையாக ஆடியது. கேமராத் திரைக்கு முன்னால் உட்கார்ந்திருந்த டைரக்டர் தொடையில் தட்டிக்கொண்டு, "இதுதான், இதுதான்" என்றார். எனக்குப் பெருமையாக இருந்தது, ஐயா. பொய் சொல்ல மாட்டேன்.

அப்போது ஒலிப்பதிவுக்காரர் காதில் மாட்டியிருந்ததைக் கழற்றிக்கொண்டு என்னிடம் ஓடி வந்தார். காதருகே வாயை வைத்து, "அண்ணே, பிள்ளை அப்பான்னு கூப்பிடல. காத்தண்ணே, போதும்னு கூப்பிடுது" என்றார்.

அப்போதுதான் எனக்குப் பயம் வந்தது. அவ்வளவு பயம் என் ஆயுளில் பட்டதில்லை. இப்போது நிறுத்தினால், மணி அடிக்காமல் ஏன் நிறுத்தினாய் என்று கேட்பார்கள். மணியைத் திருப்பிப் பார்ப்பார்கள். என் மனைவி அங்கேதான், கையில் துண்டோடு நின்றுகொண்டிருந்தாள். "வசனந்தான் தம்பி, புதுசா சேர்த்திருக்காங்க" என்றேன். அவர் என் முகத்தையே பார்த்தார். பெற்ற தகப்பன் சொல்லும்போது வேறு யாரைப் போய்க் கேட்பார்? அவர் திரும்பிப் போனதும் வேகத்தை ஒரு படி கூட்டினேன். சத்தம் அதிகமானால் குரல் கேட்காது என்று கைக்குத் தெரிந்திருந்தது.

கொஞ்ச நேரத்தில் கயிறு தொய்ந்தது. நடித்து முடித்துவிட்டாள் என்று நினைத்தேன். டைரக்டர் 'கட்' சொன்னார், எல்லாரும் கைதட்டினார்கள்.

மரத்தைப் புரட்டித் தள்ளி அவளைத் தூக்கியவர், படத்தில் அப்பாவாக நடிக்கிறவர்தான். கதையில் எழுதியிருந்தபடியே தூக்கினார். முடியெல்லாம் மண். மூக்கிலும் வாயிலும் மண். மணிக்கட்டில் கயிறு சுற்றிச் சுற்றி இறுகியிருந்தது, அறுத்துத்தான் எடுத்தார்கள்.

என் மனைவி அழவில்லை. மகளிடம் ஓடவும் இல்லை. நேரே மணியிடம் வந்தாள். ஆட்டிப் பார்த்தாள். மறுபடியும் ஆட்டினாள். அப்புறம் அதைக் கவிழ்த்து உள்ளே விரலை விட்டுத் தடவிப் பார்த்துவிட்டு, என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வைக்குப் பயந்துதான் நானே நடந்து ஸ்டேஷனுக்கு, உங்களிடம் வந்தேன். இப்போதும் அந்தக் கதவு திறக்கும்போதெல்லாம் அவள்தானோ என்று திரும்பிப் பார்க்கிறேன்.

இதோ, மணியின் நாக்கு. இதையும் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். நாக்கைக் கழற்றியது நான். கயிறு ஆடியதைப் பார்த்தது நான். என்னைக் கூப்பிட்டதை வசனம் என்றதும், அதற்கப்புறம் வேகத்தைக் கூட்டியதும் நான்தான். அப்படியே எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன்.

ஒன்றை மட்டும் என் மனைவியிடம் சொல்லிவிடுங்கள், ஐயா. மணி அடிக்கவே இல்லை. அடித்திருந்தால் நான் நிறுத்தியிருப்பேன்.