ஆளில்லா நிலையத்தில் ஐந்து விநாடி

பழைய கணினி விளையாட்டு ஒன்றை மதிப்பிட உட்காருவதற்கு முன்னால் வயிறு நிறையச் சாப்பிட்டுவிட வேண்டும். பசியோடு ஆடுகிறவன் விளையாட்டைத் திட்டுவான். பதினொரு வருட அனுபவத்தில் நான் கண்டது இது. ஆரம்பத்திலிருந்து சொல்லச் சொன்னீர்கள், அதனால் இங்கிருந்து தொடங்குகிறேன்.

நான் மூக்குக்கண்ணாடிக் கடையில் பார்வை பரிசோதிப்பவன். வருகிறவரை உட்காரவைத்து, வில்லைகளை மாற்றி மாற்றிப் போட்டு, "இது தெளிவா, இதுவா?" என்று கேட்பது என் தொழில். மாலையில் ஒரு கணினி மாத இதழுக்கு எழுதினேன். இருபது, முப்பது வருடங்களுக்கு முன் வந்த விளையாட்டுகளை எடுத்து, ஒவ்வொன்றையும் கடைசிவரை இரண்டு முறை ஆடி, பலம் என்ன, பலவீனம் என்ன என்று எழுதுவேன். பழையது என்றாலே சிலர் உருகிவிடுவார்கள், சிலர் சிரிப்பார்கள். நான் இரண்டும் செய்ததில்லை. படம் கரடுமுரடாக இருந்தால் அப்படியே எழுதுவேன். பதினாறே நிறங்களை வைத்துக்கொண்டு ஒரு காட்டையே காட்டியிருந்தால் அதையும் எழுதுவேன். நடுவில் சேமிக்க வழியில்லாமல், செத்தால் முதலிலிருந்து ஆடவைப்பது பலவீனம்தான். ஆனால் அந்தப் பயத்தால் ஒவ்வொரு அடியையும் பார்த்துப் பார்த்து வைக்கிறோம் என்றால், அது பலமும்கூட. இப்படி யோசித்து எழுத ஆள் கிடையாது. ஆசிரியரே ஒருமுறை, "உங்க கட்டுரையில தப்புன்னு ஒண்ணு கண்டுபிடிக்க முடியாது" என்றார்.

வாசகர் கடிதம் மூன்று மாதத்துக்கு ஒன்று வரும். என் மனைவி இதழைப் பிரித்து அலமாரித் தட்டுகளில் விரிப்பாள். அதில் எனக்கு வருத்தம் இல்லை. வழவழப்பான நல்ல தாள்.

அவளுடைய தம்பியை வீட்டில் பட்டாணி என்று கூப்பிடுவோம். பிறந்தபோது அவ்வளவு சிறிதாக இருந்தானாம். லிப்ட் மெக்கானிக். தாய் போனபோது அவனுக்கு நாலு வயது, என் மனைவிக்குப் பதினொன்று. அவள் இடுப்பில் வளர்ந்தவன். அவன் குடியிருந்த கட்டடத்தை இடிக்கப்போகிறார்கள் என்று முப்பத்து நாலாவது வயதில் இரண்டு பெட்டிகளோடு எங்கள் வீட்டுக்கு வந்தான். "ரெண்டே மாசம் அத்தான், அப்புறம் உங்க கண்ணுலயே படமாட்டேன்" என்றான். இரண்டு வருடம் இருந்தான்.

அவன் வருவதற்கு முதல் நாள் முன்னறையில் டியூப்லைட் விட்டுவிட்டு எரிந்துகொண்டிருந்தது. அன்றைக்கே மாற்றியாக வேண்டும் என்று மனைவி பிடிவாதம் பிடித்தாள்.

"நாளைக்கு மாத்தறேனே" என்றேன்.

"இல்லீங்க. மினுக்குற லைட்டு அவனுக்கு ஆகாது. பதிமூணு வயசு வரைக்கும் வலிப்பு வந்துட்டு இருந்துச்சு. இப்பவும் மாத்திரையிலதான் இருக்கான்."

நான்தான் முக்காலி போட்டு ஏறி மாற்றினேன். அவனுக்கு நான் செய்தவற்றில் இதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

எனக்கு அவன்மேல் வெறுப்பு கிடையாது. வேலை முடிந்து வந்ததும் கைகால் கழுவிவிட்டு என் பின்னால் வந்து உட்கார்ந்து, நான் ஆடுவதைப் பார்ப்பான். ஆடத் தெரியாது. மூன்றாவது கட்டம் தாண்டமாட்டான். ஆனால் பேசுவான். "அத்தான், அந்தக் காவல்காரன் பாவம், ஒரே சுவத்தையே சுத்திச் சுத்தி வர்றான் பாருங்க, வீட்டுல திட்டு வாங்கிட்டு வந்திருப்பான்" என்பான். அடுக்களையில் என் மனைவி சிரிப்பாள். கல்யாணமாகிப் பதினாறு வருடத்தில் அந்தச் சிரிப்பை நான் கேட்டதில்லை. அவளுக்குச் சிரிக்க வராது என்றே நினைத்திருந்தேன்.

போன வருடம் எனக்குக் கண்ணில் தொற்று வந்தது. கண் பார்க்கிறவனுக்கே கண்வலி என்று கடையில் கேலி செய்தார்கள். பத்து நாள் திரையைப் பார்க்கக் கூடாது என்றார் டாக்டர். கட்டுரை கொடுக்க நாலு நாள்தான் இருந்தது. "நான் ஏதாச்சும் கிறுக்கித் தரட்டுமா அத்தான்? உங்களுக்குப் பிடிக்கலைன்னா கிழிச்சுப் போட்டுருங்க" என்றான். ஒரு ஓட்டலில் லிப்டை மேலும் கீழும் ஓட்டுகிற பழைய விளையாட்டு அது. நான் எழுதியிருந்தால் பொத்தான்கள் தாமதமாக வேலை செய்வதையும், பன்னிரண்டாவது மாடிக்கு மேல் புதிதாக எதுவும் இல்லை என்பதையும் சொல்லியிருப்பேன். அவன் எழுதியது இது:

"பத்து வருஷமாக லிப்ட் பழுது பார்க்கிறேன். லிப்டுக்குள் யாரும் யாரையும் பார்ப்பதில்லை. எல்லாரும் எண்ணைத்தான் பார்க்கிறார்கள். இந்த விளையாட்டில்தான் முதல் தடவையாக ஒரு லிப்ட்காரன் என்னைத் திரும்பிப் பார்த்தான்."

மிகையான எழுத்து. அந்தப் பொம்மை திரும்பிப் பார்ப்பது நிரல் எழுதியவர் விட்ட பிழை. கதவு திறக்கும்போது படம் இடம் வலமாகப் புரண்டுவிடும், அவ்வளவுதான்.

நாற்பத்தொரு கடிதங்கள் வந்தன.

ஆசிரியர் தொலைபேசியில் கூப்பிட்டார். ஒரு மாதம் நான், ஒரு மாதம் அவன் என்று ஏற்பாடானது. நான்கு மாதம் கழித்து மறுபடி கூப்பிட்டார். "கோவிச்சுக்காதீங்க. மேட்டரை அவரே எழுதட்டும். நீங்க கீழ ஒரு கட்டம் கட்டி, எந்தக் கணினியில ஓடும், எத்தனை லெவல், இந்த மாதிரி விவரம் குடுங்க. விவரத்துல உங்களை அடிச்சுக்க ஆள் ஏது?" என்றார். சரி என்றேன். பதினொரு வருடம் முழுப் பக்கமாக இருந்தவன் விரல் நீளக் கட்டத்துக்குள் வந்தேன். அதையும் பிழையில்லாமல்தான் கொடுத்தேன்.

மனைவி இப்போது இதழ் வரும் நாளைக் கேட்டுத் தெரிந்துகொண்டாள். அடுக்களை மேடையில் சாய்ந்து நின்று, ஈரக்கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு, சத்தமாகப் படித்தாள். பாதியில் நிறுத்தி, "ஏங்க, இதெல்லாம் இவ்வளவு நல்லா இருக்கும்னு நீங்க ஒருநாளும் சொல்லலையே" என்றாள். குறையாகச் சொல்லவில்லை, சாதாரணமாகத்தான் சொன்னாள். அவள் படித்து முடித்த இதழ்கள் அலமாரித் தட்டுக்குப் போகவில்லை. கட்டிலுக்குப் பக்கத்தில் அடுக்கி வைத்துக்கொண்டாள்.

எப்போது முடிவு செய்தேன் என்று இரண்டு முறை கேட்டீர்கள். முடிவு என்று சொல்லமாட்டேன். பட்டாணி அடுத்த மாதத்துக்கு ஒரு விளையாட்டு எடுத்துத் தரச் சொன்னான். தட்டைப் பார்த்துக்கொண்டு நின்றேன், கை தானாக ஒரு வட்டில் போய் நின்றது. அந்த வட்டு பின்வரிசையில், இரண்டு பெட்டிகளுக்குப் பின்னால் இருந்தது. பெட்டிகளை இறக்கி வைத்துவிட்டு எடுத்தேன்.

சுரங்க ரயில் ஓட்டும் விளையாட்டு. நல்ல விளையாட்டு. தண்டவாளம் வளைவதைக் கோடுகளை மட்டும் வைத்துக் காட்டியிருப்பார்கள், ஆடுகிறவனும் கூடவே சாய்வான். இசை அருமை, ஒவ்வொரு கட்டத்துக்கும் தனி மெட்டு. ஒன்பது வருடத்துக்கு முன் அதைப் பற்றி எழுதியிருந்தேன். பலவீனங்களில் இரண்டைக் குறித்திருந்தேன். ஒன்று, பயணிகளே இல்லாத நிலையங்களிலும் ரயில் நின்று கதவைத் திறந்து மூடுவதால் ஒவ்வொன்றிலும் ஐந்து விநாடி வீணாகிறது. இரண்டு, ஏழாவது கட்டத்தில் ரயிலின் விளக்கு திரை முழுவதும் சிவப்பும் வெள்ளையுமாக நாற்பது விநாடி மின்னுகிறது. வலிப்பு உள்ளவர்கள் ஆடவே கூடாது. பிறகு வந்த பதிப்பில் அந்த மின்னலைக் குறைத்து, தொடக்கத்தில் ஓர் எச்சரிக்கையும் வைத்தார்கள். என்னிடம் இருந்தது முதல் பதிப்பு.

பரணிலிருந்து பழைய பெட்டி மானிட்டரை இறக்கினேன். ஜன்னல் திரைகளை இழுத்துவிட்டேன். அந்தக் காலத்து விளையாட்டை அந்தக் காலத்துத் திரையில், இருட்டில்தான் பார்க்க வேண்டும். நேர்மையான மதிப்பீட்டாளர் யாரைக் கேட்டாலும் இதைத்தான் சொல்வார்.

ஞாயிற்றுக்கிழமை, மத்தியானம் இரண்டு மணி. மனைவி பல் டாக்டரிடம் போயிருந்தாள். அவன் நோட்டும் பேனாவுமாக உட்கார்ந்தான். உட்கார்ந்ததும் கேட்டான்:

"அத்தான், இதுல மினுக்குற சமாச்சாரம் ஏதும் இல்லையே?"

"ரயிலோட விளக்குதான்" என்றேன்.

அது பொய் இல்லை. ரயிலின் விளக்குதான் அது.

"ஏழாவது கட்டம்தான் இதோட உயிர். அதைப் பார்க்காம எழுதாதே. அங்க வந்ததும் திரையை விட்டுக் கண்ணை எடுக்காதே" என்றும் சொன்னேன். அவனுக்கு மூன்றாவது கட்டமே ஆகாது என்பதால், நேராக ஏழுக்குப் போகிற ரகசிய விசைகளையும் ஒரு சீட்டில் எழுதிக் கொடுத்தேன். "நீங்க இல்லைன்னா நான் எப்பவோ அம்பேல் அத்தான்" என்று சிரித்தான்.

நான் பக்கத்து அறையில் இருந்தேன். ஒரு மணி நேரத்துக்கு மேல் முதல் இரண்டு கட்டங்களின் மெட்டுதான் மாறி மாறிக் கேட்டது. நடுநடுவே நிறுத்தி எழுதினான். பேனா ஓடுகிற சத்தம்கூடக் கேட்டது. அதன் பிறகு ஏழாவது கட்டத்தின் மெட்டு வந்தது. எனக்கு அது மனப்பாடம். பாதியில் ஏதோ விழுந்தது.

உள்ளே போனேன். மேசைக்கும் சுவருக்கும் நடுவில் கிடந்தான். உடம்பு உதறிக்கொண்டிருந்தது. கவிழ்ந்து விழுந்திருந்தான், வாயும் மூக்கும் விரிப்பில் புதைந்திருந்தன. ஒருக்களித்துப் படுக்கவைத்து மூச்சுக்கு வழி செய்ய வேண்டும். கடையில் எங்களுக்கு முதலுதவிப் பயிற்சி கொடுத்திருக்கிறார்கள், சான்றிதழ்கூட இருக்கிறது.

மேசைமேல் நோட்டு திறந்திருந்தது. ஒரு வரி பார்க்கலாம் என்று எடுத்தேன்.

"இந்த ரயிலில் ஏற யாருமே வருவதில்லை. ஆனாலும் ஒவ்வொரு நிலையத்திலும் நிற்கிறது. கதவைத் திறந்து, ஐந்து விநாடி காத்திருந்து, மூடிக்கொண்டு கிளம்புகிறது. வேகமாக ஆடுகிறவர்களுக்கு இது எரிச்சலாக இருக்கும். வேலையை வேலையாகச் செய்கிறவர்களுக்குத் தெரியும், ஆள் வராவிட்டாலும் கதவைத் திறந்துதான் ஆக வேண்டும்."

எத்தனை முறை அந்த விளையாட்டை ஆடியிருப்பேன். அந்த ஐந்து விநாடிகளில் நான் கடிகாரத்தைத்தான் பார்த்திருக்கிறேன்.

மூன்றரைப் பக்கம். முழுவதையும் படித்தேன். பின்னால் சத்தம் எப்போது நின்றது என்று எனக்குத் தெரியாது. சரியான நேரத்தைக் கேட்கிறீர்கள், விவரம் தவறாகச் சொல்ல எனக்கு விருப்பமில்லை. படித்து முடித்து, ஒரு பத்தியைத் திரும்பவும் படித்துவிட்டு, நோட்டை என் மேசை இழுப்பறையில் வைத்துப் பூட்டிவிட்டு, ஆம்புலன்சுக்குத் தொலைபேசினேன். அதற்கும் முன்னால் மானிட்டரைப் பரணில் ஏற்றினேன்.

பழைய நோய் திரும்பி உயிரை எடுத்துவிட்டது என்றார் டாக்டர். யாரும் எதுவும் கேட்கவில்லை. மனைவி பத்து நாள் படுக்கையைவிட்டு எழவில்லை. நான்தான் சமைத்தேன். தலை வாரிவிட்டேன். அந்த நாட்களில் அவள் எனக்கு மட்டும் உரியவளாக இருந்தாள் என்று தோன்றியது. இதை எழுத வேண்டுமா என்பது உங்கள் விருப்பம்.

அந்த மாதம் கட்டுரை இல்லாமல் இதழ் வர முடியாது. சுரங்க ரயில் பற்றிய கட்டுரை என் பெயரில் வந்தது. எழுபதுக்கு மேல் கடிதங்கள் வந்தன. அவனுடைய பிரிவு என் எழுத்தைப் பக்குவப்படுத்திவிட்டது என்று ஆசிரியர் பாராட்டினார்.

ஒரே ஒரு கடிதம் வேறு மாதிரி இருந்தது. ஓய்வுபெற்ற தட்டச்சர் ஒருவர், எல்லா இதழ்களையும் சேர்த்து வைத்திருப்பவர். "ஒன்பது வருடத்துக்கு முன் இதே விளையாட்டில் இதே ஐந்து விநாடியை வீண் என்று எழுதியவர் நீங்கள். ஏழாவது கட்டத்தைப் பற்றி எச்சரித்தவரும் நீங்கள். இம்முறை அந்த எச்சரிக்கையை விட்டுவிட்டீர்களே?" என்று பழைய பக்கத்தின் நகலோடு எழுதியிருந்தார். ஆசிரியர் அதை வீட்டுக்கு அனுப்பினார். நான் கடையில் இருந்தேன். மனைவி பிரித்துப் படித்திருக்கிறாள். என் எழுத்தில் அவள் முழுசாகப் படித்த முதல் பக்கம் அந்த நகலாகத்தான் இருக்கும்.

நான் வீட்டுக்கு வந்தபோது அந்த நகலையும் புதுக் கட்டுரையையும் மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்திருந்தாள். நோட்டும் இருந்தது. இழுப்பறைப் பூட்டை உடைத்திருந்தாள்.

"அவன் கேட்டிருப்பானே. எதை ஆடறதுக்கு முன்னாடியும் மினுக்குமான்னு கேப்பானே. கேட்டானா?"

"கேட்டான்."

"நீங்க என்ன சொன்னீங்க?"

சொன்னேன். அவள் செருப்பைக்கூடப் போடாமல் உங்கள் போலீஸ் ஸ்டேஷனுக்கு நடந்து வந்தாள் என்று நீங்கள் சொல்லித்தான் தெரியும்.

ஆகவே ஒப்புக்கொள்கிறேன். வட்டைத் தேர்ந்தெடுத்தது நான், அறையை இருட்டாக்கியது நான், காப்பாற்றத் தெரிந்தும் நின்று படித்துக்கொண்டிருந்தது நான். கையெழுத்துப் போடுகிறேன். ஆனால் கட்டுரையைத் திருடினேன் என்று எழுதியிருக்கிறீர்களே, அதை மட்டும் திருத்த வேண்டும். அவன் எழுத்தில் ஏகப்பட்ட சந்திப்பிழை, அத்தனையையும் நான் சரிசெய்தேன். மற்றபடி ஒரு சொல்லைக்கூட மாற்றவில்லை, ஒரே ஒரு வரியைத்தான் வெட்டினேன். கடைசியில், "இதையெல்லாம் பார்க்க எனக்குக் கற்றுக்கொடுத்தவர் என் அத்தான்" என்று எழுதியிருந்தான். என் பெயரில் வரும் கட்டுரையில் அது எப்படிப் பொருந்தும்?