மாம்பழ மாட்சா

"ஹலோ... சரண்யா, மாமா பேசுறேம்மா, கிருமாம்பாக்கத்துலருந்து... மெதுவாத்தான் பேசுவேன். உங்கக்கா உள்ள பெட்டி அடுக்குது."

முத்துக்குமரன் அடுப்படியில் நின்றிருந்தான். ஆடி பிறக்கப் போகிறது. புதுமனைவி பிரியதர்ஷினியைத் தாய்வீட்டுக்கு அழைத்துப்போக மாமனார் வந்துகொண்டிருந்தார். கல்யாணமாகி வந்த நாளாய் அவன் அம்மா தையலம்மாள் மருமகளிடம் முகம்கொடுத்துப் பேசியதில்லை. போகிறவள் திரும்பி வராமலே இருந்துவிட்டால்? அந்தப் பயத்தில்தான், அவள் ஆசையாகக் குடிக்கும், மாட்சா என்கிற ஜப்பான் பச்சைத் தேயிலைத் தூள் போட்ட பானத்தைத் தன் கையால் கலந்து கொடுத்து அனுப்பலாம் என்று இறங்கியிருந்தான். கரும்புக்குத் தண்ணீர் கட்டச் சொன்னால் கட்டுவான். இதற்குக் கொழுந்தியாள் தயவு வேண்டியிருந்தது.

"ஆமாம்மா, மாம்பழம் மசிச்சிட்டேன்... கிளாஸ் அடியில, ஆமா ஆமா... ஐஸும் போட்டேன். அதுமேல ஆறுன பால்... இன்னா, மாட்சா தூளை வெந்நியிலயா? கொதிக்கக் கூடாது... சரி. அந்த மூங்கில் பிரஷ்ஷால நுரை வர்றவரைக்கும் அடிக்கணும்... சரிம்மா. இரு, டப்பாவ எடுக்குறேன்."

டப்பா இருந்தது. தூள்தான் இல்லை.

"சரண்யா... காலிம்மா. வழிச்சி எடுத்தாப்புல இருக்குது... இல்லம்மா, நேத்து நெறைய இருந்துச்சே... எங்கம்மாவா? அது ஏன் இதத் தொடப்போவுது... இரு. இரு இரு."

முந்தின நாள் சாயங்காலம் நடந்தது அவனுக்கு அப்போதுதான் உறைத்தது. தாய்வீடு போகிற பெண்ணை மருதாணி வைக்காமல் அனுப்பினால் ஊர் என்ன சொல்லும் என்று, தையலம்மாள் ஏதோ பச்சைத்தூளில் எலுமிச்சைச் சாறும் டீ டிகாக்‌ஷனும் விட்டுக் குழைத்து, மருமகளைக் கூப்பிட்டு உட்காரவைத்து, விரல் விரலாகப் பூசிவிட்டாள்.

"சிரிக்காதம்மா... உங்கக்காவா? கையக் குடுத்துட்டு சும்மா உக்காந்திருந்துச்சு... ஆமா, அந்த வாசனை அதுக்குத் தெரியாதா இன்னா... அப்ப தெரிஞ்சேதானா? ஏம்மா சொல்லல?... ம்... ம்... ஆமா. எங்கம்மா அது கையப் புடிச்சதே நேத்துதான்."

அவன் காலி டப்பாவை மூடி, அம்மா கண்ணில் படாதபடி பரணில் வைத்தான்.

"இப்ப நான் இன்னா பண்றது?... சொன்னா எங்கம்மா கூனிக் குறுகிப்பூடும். சொல்லலன்னா, கை ஏன் செவக்கலன்னு கேக்கும். காலைலருந்து காட்டு காட்டுன்னு அதேதான்... வேற தூளா? இங்க எந்தக் கடையில போயி கேப்பேன், மருதாணியத்தான் குடுப்பான்."

வாசலில் ஆட்டோ வந்து நின்றது.

"உங்கப்பா வந்துட்டாரு... வச்சிடாத. உங்கக்கா வெளிய வருது... எங்கம்மா கையக் காட்டச் சொல்லுது... காட்டல சரண்யா. ரெண்டு கையையும் இறுக்கி மூடிக்கினு நிக்குது... இரு, காதுல வுழல... வந்து காட்டுறேன் அத்தைன்னுது. அதுக்குள்ள அழிஞ்சிபூடுமேன்னு எங்கம்மா... வந்தா மறுபடியும் வச்சிவுடுங்கன்னுது உங்கக்கா."

அவன் கையிலிருந்த கிளாஸில் ஐஸ் கரைந்துகொண்டிருந்தது.

"இல்லம்மா, நான் அழுவல... சரண்யா, ரெண்டு டப்பாவா அனுப்பும்மா. ஒண்ணு குடிக்கிறதுக்கு... ஹலோ... ஹலோ?"